கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள்

பேனல் சாவியைப் புதிதாகக் கையில் வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு,

மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னீர்கள். நின்று பேச முழங்கால் சம்மதிப்பதில்லை. உட்கார்ந்து பேசினால் பாதியில் எனக்கே தூக்கம் வந்துவிடுகிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். பாதி படித்துவிட்டு மடித்து வைத்தாலும் வருத்தப்பட மாட்டேன். உங்கள் வயதில், யாராவது பழைய ஆள் "அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தால் நானும் டீக்கடைப் பக்கம் நழுவியவன்தான்.

நான் வயரிங் வேலைக்கு வந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன். எந்த வயர் எங்கே போகிறது என்பதெல்லாம் கம்பெனிக்காரர்கள் தரும் புத்தகத்தில் இருக்கிறது; அதற்குள் நான் போகவில்லை. நான் சொல்ல வருவது அவுட்புட் மாட்யூலைப் பற்றி. அதிலும் அதன் நெற்றியில் இருக்கிற சின்ன விளக்கைப் பற்றி. இதை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. கேட்டுத் தலையாட்டுவார்கள். மறுநாளே விளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை.

எண்பதுகளின் நடுவில் எங்கள் மில்லுக்கு முதல் கன்ட்ரோலர் வந்தது. கழிவுப் பஞ்சை அமுக்கிப் பேல் கட்டுகிற பிரஸ்ஸுக்கு அதை மாட்டினார்கள். அதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்தது கான்டாக்டர்கள், அதாவது காந்தத்தால் அடித்து ஒட்டுகிற சுவிட்சுகள், நிறைந்த பெரிய பேனல். பஞ்சை அமுக்குகிற தட்டு இறங்கினால் அவை 'டமார்', ஏறினால் 'டமார்' என்று ஷெட் முழுக்கக் கேட்கும். எங்கள் ஆட்கள் எந்த இயந்திரத்துக்கும் ஒரே வாரத்தில் பெயர் வைத்துவிடுவார்கள். பழைய பேனலுக்கு வைத்த பெயர் 'வாயாடி'. புதியதில் சத்தமே கிடையாது. அதனால் அது 'ஊமையன்'.

ஊமையனுக்குள் யோசிக்கிற பகுதி ஒன்று, செய்கிற பகுதி ஒன்று. செய்கிற பகுதிதான் அவுட்புட் மாட்யூல். யோசிக்கிற பகுதி "தட்டை இறக்கு" என்று உத்தரவு கொடுத்தால், மாட்யூல் வால்வுக்குக் கரண்டைத் திறந்துவிடும். வால்வு திறந்ததும் எண்ணெய் அழுத்தத்தில் இரும்புத் தட்டு இறங்கும். மாட்யூலின் முகத்தில், ஏலக்காயை உடைத்தால் வரும் அரிசி அளவுக்கு வரிசையாகச் சிவப்பு விளக்குகள். உத்தரவு வந்தால் எரியும், இல்லாவிட்டால் அணைந்திருக்கும். பேனல் கதவில் ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். அது வழியாக விளக்குகளைப் பார்க்கலாம். பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அதில் ஒரு நம்பிக்கை. விளக்கு எரிந்தால் ஊமையன் செய்தான், எரியாவிட்டால் செய்யவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

பிரஸ் ஆபரேட்டர் பவுன்ராசு, கடமலைக்குண்டுக்காரன். அவனுக்கு எதிரே பஞ்சைத் தள்ளிச் சாக்கு விரிக்கிற வேலை முருகேசனுக்கு. முருகேசன் வேறு யாருமில்லை, பவுன்ராசுவின் அக்கா பேச்சியம்மாளின் புருசன். அக்காதான் தம்பியை வளர்த்தவள். புருசனிடம் சொல்லி மில்லில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். ஷெட்டுக்குள் நுழைந்தாலே இவர்கள் பேச்சுத்தான் கேட்கும்.

"மாப்ள, தட்டை மெதுவா எறக்குடா. உங்க அக்கா திட்டுறப்பவாச்சும் மூச்சு விட நேரம் குடுப்பா."

"மாமா, அக்காகிட்ட இதை அப்படியே சொல்லிருவேன்."

"சொல்லு. இன்னைக்குச் சோத்துல உப்பு இருக்காது. உனக்கும் சேத்துத்தான்."

ஊமையன் வந்த அந்த வருசம் ஆயுத பூசைக்கு மழை தள்ளிப்போய்விட்டது. புரட்டாசி முடிகிற நேரத்தில் சித்திரை போல வெயில். பூசையன்று பிரஸ்ஸையும் பேனலையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கலர்க் காகிதம் ஒட்டி, பொரி கடலை வைத்துக் கும்பிட்டோம். மேனேஜர் வந்தார். சூடத்தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பேனல் கதவில் தன் கையாலேயே ஒரு பெரிய குங்குமப் பொட்டு வைத்தார். பூசணிக்காய் உடைத்தோம். அடுத்த நாள் பேருக்கு ஒரு சுற்று ஓட்டி நிறுத்தினோம். அதற்கு மறுநாள் முழு வேலை.

அன்று மத்தியானம்தான் நடந்தது. தட்டு மேலே நின்றிருந்தது. தட்டின் அடியில் ஒட்டிய பஞ்சை வழிக்க முருகேசன் பிரஸ் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டான். கதவு திறந்திருந்தால் கன்ட்ரோலர் தட்டை இறக்க உத்தரவு கொடுக்காது. அப்படித்தான் அதற்குப் புரோகிராம் எழுதியிருந்தார்கள். தட்டு இறங்கியது. அவன் கத்தியதும் பிரஸ் நின்றதும் ஒன்றாக நடந்தது. வலது கையில் இரண்டு விரல் தட்டுக்கும் பேல் பெட்டி விளிம்புக்கும் நடுவே போய்விட்டது.

ஷிப்ட் சூப்பர்வைசர் ஓடிப்போய்ப் பேனல் ஜன்னலைப் பார்த்தார். தட்டு இறக்கும் விளக்கு அணைந்திருந்தது. ஆக, ஊமையன் செய்யவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. ஆபரேட்டர் பக்கத்தில் இருந்த பொத்தான் பலகையில் இரண்டு பொத்தான். சிவப்பு, வால்வுக்குப் போகிற கரண்டை அறுத்துப் பிரஸ்ஸை நிறுத்த; பேனல் விளக்குகளை அது தொடாது. கறுப்பு, பராமரிப்பு நேரத்தில் கன்ட்ரோலரைக் கேட்காமலே தட்டை இறக்க. பவுன்ராசுவின் கை அந்தப் பலகையில் இருந்ததைப் பார்த்தோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை.

"அண்ணே, நான் அடிச்சது செவப்பு. தட்டு எறங்குறதைப் பாத்துட்டுத்தான் ஓடிப்போயி அடிச்சேன். கறுப்பை நான் தொடவே இல்லண்ணே" என்று என்னிடம் வந்து நின்றான் பவுன்ராசு.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: "ஊமையன் மேல பழியப் போடுறான் பாரு. அது வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

சிரித்தார்கள். வாயாடி இருந்திருந்தால் 'டமார்' என்று அதுவே சொல்லியிருக்கும். அன்று அந்தச் சத்தத்தை நான் தேடிய மாதிரி அதற்குப் பிறகு தேடியதில்லை.

பவுன்ராசுவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிரஸ்ஸை ஓட்டக் கூடாது என்று பூட்டினார்கள். கோயம்புத்தூரிலிருந்து, கன்ட்ரோலர் கொடுத்தவர்களின் இஞ்சினீயர் வந்தார். நல்ல மனிதர், சின்ன வயது. பேனல் கதவை விரியத் திறந்து சுவரோடு சாய்த்தார். வேர்வை கொட்டியதால் அவருக்கு ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தோம். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் ஒவ்வொரு அவுட்புட்டாக ஆன் செய்து, ஆஃப் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாமே சொன்னபடி கேட்டன. "மாட்யூல்ல ஒரு குறையும் இல்லைங்க" என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்த நேரத்தில், அந்த ஃபேன் காற்றில், ஒரு குறையும் இல்லை.

மாட்யூல் நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மில் சார்பில், எலக்ட்ரிக்கல் வேலைக்குப் பொறுப்பாக இருந்த நானும் போட வேண்டும். மறுநாள் காலை பவுன்ராசு மேல் விசாரணை. மேனேஜர் சொன்னார்: "போடுங்க. கழிவுப் பஞ்சு மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது. ஒரு பீடி நெருப்புப் பட்டா மில்லே போயிரும்." அவர் சொன்னதிலும் தப்பில்லை. நெருக்கடி என்று வரும்போது, உங்களை அவசரப்படுத்துகிறவர் பெரும்பாலும் நியாயமான காரணத்தோடுதான் வருவார். அதனால்தான் மறுப்பது கஷ்டம்.

"சாயங்காலம் போட்டுத் தர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஏதோ கிடைக்கும் என்றெல்லாம் போகவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு போய் முருகேசனைப் பார்க்க எனக்கு முகமில்லை. அதனால் முதலில் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் பேச்சியம்மாள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வராந்தாவின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் பவுன்ராசு நின்றுகொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எதுக்குத்தா அவனை அங்கன நிக்க வச்சிருக்க?" என்றேன்.

"நானா நிக்கச் சொன்னேன்? போகச் சொன்னேன், போக மாட்டேங்கிறான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணே, அவன் என் இடுப்புல வளந்த பய. கை தவறி அமுக்கிட்டேன்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, போடா கூறுகெட்டவனேன்னு ரெண்டு திட்டுத் திட்டிட்டு விட்டுருப்பேன். என் மூஞ்சியப் பாத்து, தொடவே இல்லைங்கிறான். ரெண்டு பேரு பாத்திருக்காகளே, அவுக கண்ணு அவிஞ்சா போச்சு? வெரலு போனா போகட்டும்ணே. அவன் எங்கிட்டப் பொய் சொல்லுறதைத்தான் என்னால தாங்க முடியல."

உள்ளே முருகேசன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். "எனக்கு என்னண்ணே தெரியும்? நான் பஞ்சைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தட்டு வந்துச்சு. அம்புட்டுத்தான்" என்றான். பிறகு, "அவன் சாப்பிட்டானான்னு கேளுங்க" என்றான்.

மில்லுக்குத் திரும்பியபோது இஞ்சினீயர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்கு. பேனலைப் பூட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று, சுவரோடு சாய்ந்திருந்த கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் கதவின் வெளிப்பக்கம் என் கண்ணில் பட்டது. காலையிலிருந்து அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததே! ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு ரோஸ் கலர்க் காகிதம், ஓரத்தில் ஜிகினாக் கரை, நடுவில் மேனேஜர் வைத்த பொட்டு. கதவின் மேலும் கீழும் காற்றுப் போகிற வெட்டுகள் இருக்குமே, அந்த இரண்டு வரிசையையும் மறைத்து, மைதாப் பசை போட்டுக் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

எனக்கு உடனே எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏதோ இடித்தது. வாயாடிக்கு வருசா வருசம் இப்படித்தான் ஒட்டுவோம். அதற்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனால் காலையிலிருந்து நாங்கள் பார்த்த பேனல் திறந்த பேனல். முருகேசன் விரல் போனபோது இருந்தது மூடிய பேனல். இரண்டும் ஒன்றா?

"தம்பி, இங்கன கொஞ்சம் வாங்க" என்று இஞ்சினீயரைக் கூப்பிட்டேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். "நான் ஃபேன் வேற போட்டுக்கிட்டுப் பார்த்திருக்கேனுங்க" என்றார், மெதுவாக. மாட்யூலுக்குள் கரண்டைத் திறக்கிற பகுதி அளவுக்கு மீறிச் சூடானால் உத்தரவு இல்லாமலே திறந்துகொள்ளக் கூடும் என்று அவர்தான் விளக்கினார். அப்படித் திறந்தால் விளக்கு எரியாது. ஏனென்றால் அந்த விளக்கு உத்தரவு வருகிற பக்கத்தில் இருக்கிறது, கரண்ட் போகிற பக்கத்தில் இல்லை. "நடக்கும்னு சொல்லலைங்க. நடக்கலாம். பார்த்துட்டுத்தான் சொல்லணும்."

மேனேஜரிடம் போய், கையெழுத்துப் போட முடியாது, நாளை ஒரு பொழுது வேண்டும் என்றோம். கோபப்பட்டார். "ஒண்ணும் நடக்கலைன்னா?" என்றார். "நடக்கலைன்னா போட்டுத் தர்றேன் சார்" என்றேன். விசாரணையை ஒரு நாள் தள்ளி வைத்தார்.

மறுநாள் கறுப்புப் பொத்தானின் வயர்களைக் கழற்றிச் சுற்றி வைத்தோம். பிரஸ்ஸைச் சுற்றிக் கயிறு கட்டி ஒருவரையும் கிட்டே விடவில்லை. காகிதத்தைத் தொடாமல் பேனல் கதவைச் சாத்தினோம். காலையிலிருந்து வெறும் பிரஸ்ஸை ஏற்றி இறக்கி ஓட்டினோம். அவ்வப்போது தட்டை மேலே நிறுத்தி, பிரஸ் கதவைத் திறந்துவைத்து, காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்து போனார். திரும்ப வந்தார். சாட்சி சொன்ன இரண்டு பேரும் கயிற்றுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். பவுன்ராசுவையும் வரச் சொல்லியிருந்தேன். இந்த வேலையில் பாதி இப்படிக் காத்திருப்பதுதான். ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நிமிசமும் ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டே போகும். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

வெயில் மேற்குச் சுவரில் ஏறியது. தகரக் கூரை சுட்டது. தட்டு மேலே நின்றிருந்தது, பிரஸ் கதவு திறந்திருந்தது.

சத்தமே இல்லாமல் தட்டு இறங்கியது.

இஞ்சினீயரும் மேனேஜரும் ஒரே நேரத்தில் பேனல் ஜன்னலுக்குக் குனிந்தார்கள். தட்டு இறக்கும் விளக்கு அணைந்திருந்தது. இஞ்சினீயர் கதவைத் திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்தது போல் சூடு வந்து முகத்தில் அடித்தது. ஃபேனை வைத்துக் கொஞ்ச நேரம் ஆற விட்டோம். பிறகு அதே மாட்யூல் நல்ல பிள்ளையாகச் சொன்னபடி கேட்டது.

சாட்சி சொன்னவர்களில் ஒருவர் தலையில் இருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "அப்ப இவன் செவப்பைத்தான் அடிச்சிருக்கான்" என்றார். "அடிக்கலைன்னா முழுக் கையும் போயிருக்கும்யா" என்றார் மற்றவர்.

முடிந்தது என்று நினைத்தேன். மேனேஜர் நிமிர்ந்து, "இந்தக் காகிதத்தை யாருங்க ஒட்டுனது?" என்றார்.

எனக்குத் தெரியும். பசை காய்ச்சும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவன் நான். நான் வாயைத் திறக்குமுன் பவுன்ராசு கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான்: "நான்தான் சார். பஞ்சுத் தூசி உள்ள போயிக்கிட்டே இருந்துச்சு. அந்த ஓட்டையை மறைச்சாப்லயும் ஆச்சு, பாக்க லட்சணமாவும் இருக்கும்னு..." அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்கிறது. முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

அவனைக் காப்பாற்றிய அதே காகிதம் அவனைப் பிடித்தும் கொடுத்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"சார், பூசையன்னைக்கு நாம எல்லாரும் இந்தக் காகிதத்துக்கு முன்னாடி நின்னுதான் கும்பிட்டோம்" என்றேன். "நான் நின்னேன், இவுக நின்னாக, நீங்களும் நின்னீக. ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணல."

இஞ்சினீயர் சொன்னார்: "பேனல் மூச்சு விடுற வழி அது, மூடாதீங்கன்னு நாங்க ஒரு வார்த்தை எழுதி வெக்கலைங்க."

மேனேஜர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெரிய பொட்டு நான் வெச்சதுங்க" என்றார் கடைசியில். "விசாரணை வேண்டாம். அவன் வேலைக்கு வரட்டும்."

அன்றைக்குப் பிறகு நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பிரஸ் கதவு திறந்திருப்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்கிற சுவிட்சை வால்வுக்குப் போகிற லைனிலேயே நேரடியாகப் போட்டோம். கதவு திறந்தால் லைன் அறுந்துவிடும். மாட்யூல் என்ன நினைத்தாலும் கரண்ட் போகாது. ஓர் ஆளின் கையைக் காக்கிற வேலையை மாட்யூலிடம் மட்டும் விடாதீர்கள். எந்த வகை மாட்யூலானாலும் அது ஒரு நாள் பிடித்த பிடியை விடாமல் நிற்கும். விளக்கு சொல்வது உத்தரவை மட்டும்தான். நடந்ததைத் தெரிந்துகொள்ள வால்வுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பொருளைச் சோதித்தால், அது வேலை செய்கிற சூட்டில், அது வேலை செய்கிற தூசியில், கதவைச் சாத்திவிட்டுச் சோதியுங்கள். உங்களுக்குக் காற்று வேண்டுமென்றால் வெளியே போய் வாங்கிக்கொள்ளுங்கள். பூசையும் போடுங்கள், பொட்டும் வையுங்கள். அந்த வெட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

அன்று சாயங்காலம் பவுன்ராசுவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம், "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். "மில்லுல பேச வேண்டியதைப் பேசிட்டேன். இது நீ பேச வேண்டியது" என்று சொல்லிவிட்டேன்.

பேச்சியம்மாள் அதே பெஞ்சில் இருந்தாள். அவன் இந்தத் தடவை தூண் பக்கம் போகவில்லை. நேரே அவள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, பொத்தானை நான் அமுக்கல. மேனேஜரே கண்ணால பாத்துட்டாக. ஆனா பேனல்ல காகிதத்தை நான்தான் ஒட்டுனேன். அதுலதான் சூடு ஏறி, தட்டு எறங்கி, மாமா வெரலு போச்சு. நான்தான்க்கா."

அவளுக்குப் பேனலும் தெரியாது, சூடும் தெரியாது. என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடா கூறுகெட்டவனே" என்றாள். தூக்குவாளியை அவன் கையில் திணித்தாள். "உள்ள போயி மாமாவுக்கு ஊட்டி விடு. வலது கையில்லாம அந்த மனுசன் ரெண்டு நாளா எங்கிட்டச் சின்னப்புள்ளையாட்டம் வாயத் தொறந்துக்கிட்டு இருக்காரு. மிச்சத்தை நீ தின்னு."

நான் அவளுக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கால் வலிப்பது தெரிந்தது. உள்ளே தூக்குவாளி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முருகேசன் குரல் வந்தது.

"டேய் மாப்ள, உருண்டையைக் கொஞ்சம் சின்னதாப் பிடிடா. வாயா இது, பேல் பெட்டியா? இந்த அமுக்கு அமுக்குற!"